திறந்த ஜீப்புக்கு டாப் தைக்கப் போகிறீர்களா?

திறந்த ஜீப்பைப் பெரும்பாலானவர்கள் கோடையில் வாங்குகிறார்கள். மேலே போர்த்த என்ன இருக்கிறது என்று ஐப்பசியில்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான். பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்றை ஒரு மே மாதத்தில் வாங்கினேன். கூடவே வந்த டாப், சுருட்டிக் கட்டியபடி பின் சீட்டுக்கு அடியில் கிடந்தது. முதல் மழைக்கு அதை விரித்தால் மடித்த இடமெல்லாம் வெடித்திருந்தது. அவசரத்துக்குக் கிடைத்த கடையில் புதிதாகத் தைத்துப் போட்டேன். துணி நல்ல துணி, ஒரு சொட்டு ஊடுருவாது. ஆனாலும் அந்தப் பருவம் முழுக்க என் வலது முழங்கால் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

காரணம் பிடிபட ஒரு மாதம் ஆனது. மழை துணி வழியாக வருவதே இல்லை. துணி எங்கே முடிகிறதோ அங்கே வருகிறது: தையலில், ஜிப்பில், கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில், கதவு மூலையில். கடைக்காரர் உங்களிடம் துணியைத்தான் தடவிக் காட்டுவார். நீங்கள் பார்க்க வேண்டியது விளிம்புகளை. கீழே உள்ளதில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

மேஜர், கமாண்டர், ஜிப்ஸி, 2010இல் வந்த பழைய தார், 2020இல் வந்த தாரில் துணி டாப் உள்ளவை ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். 2024இல் வந்த தார் ராக்ஸ் கெட்டிக் கூரையோடுதான் வருகிறது, அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

இரவில் வண்டி எங்கே நிற்கிறது?

எந்தத் துணி, என்ன விலை என்று கேட்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் பல மடங்கு அதிகம். டாப் பாழாவதும் பெரும்பாலும் நிற்கும்போதுதான்.

மதுரை, வேலூர், திருநெல்வேலி மாதிரி ஊரில் தெருவோரம் நிற்கிறது என்றால் உங்கள் முதல் எதிரி மழையல்ல, வெயில். இங்கே மழை நாட்களை எண்ணிவிடலாம். மிச்ச நாளெல்லாம் அந்தத் துணி வறுபடுகிறது. வால்பாறை, கூடலூர் பக்கம் கதையே வேறு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் வாரக்கணக்கில் விடாது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே துணி காய நேரமே கிடைக்காமல் பூஞ்சை பிடிக்கும். ராமேசுவரம், நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று துணியை விட்டுவிட்டு அதில் அடித்திருக்கும் இரும்பு வளையங்களையும் பட்டன்களையும் தின்னும். மரத்தடியில் நிறுத்துபவர்கள் பிசினையும் காக்கை எச்சத்தையும் கணக்கில் வையுங்கள். எச்சம் ஒரு நாள் வெயிலில் காய்ந்தால் கறை போகாது.

கொடைக்கானலிலோ கோத்தகிரியிலோ இருந்தால் குரங்குகள். இதற்குத் துணி வகையில் தீர்வே கிடையாது. உள்ளே தின்பண்டத்தின் வாசனை கூட இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

எது வேண்டும், எது வேண்டாம்

கடையில் நாலைந்து விதம் சொல்வார்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் மட்டும் இழுத்துக் கட்டும் நிழல்துணி ஒன்று. விலை மலிவு, வெயிலுக்கு அருமை, மழைக்கு உதவாது. பக்கம், பின்புறம், கதவு எல்லாம் சேர்ந்த முழு டாப் இன்னொன்று. பிறகு ஃபைபர் ஹார்ட் டாப். நிறுத்தியிருக்கும்போது மட்டும் போர்த்தும் முழு உறை ஒன்று. கடைசியாக, புதியவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: முன் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பின் கதவு வரை, சீட்டுகளை மட்டும் மூடும் அரை உறை. டாப்பைக் கழற்றிவிட்டே சுற்றுபவர்கள் திடீர் மழைக்கு இரண்டு நிமிடத்தில் இழுத்துக் கட்டிவிட்டு டீக்கடையில் ஒதுங்கலாம். மடித்தால் சீட்டுக்கு அடியில் அடங்கிவிடும்.

என் யோசனை இதுதான். முதல் ஆண்டு ஒரு முழு டாப் தைத்துக்கொள்ளுங்கள். ஷெட் இல்லாதவர்கள் அதோடு நிறுத்துமிட உறை ஒன்றும் வாங்குங்கள். ஹார்ட் டாப் ஆசை வந்தால் ஒரு மழைக்காலம் தள்ளிப் போடுங்கள். அது குளிருக்கும் திருட்டுக்கும் நல்லதுதான், ஆனால் கழற்றி வைக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும். கடைசியில் கழற்றவே மாட்டீர்கள். அப்புறம் திறந்த வண்டி எதற்கு?

ஹார்ட் டாப்பில் சட்டச் சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. துணி டாப்போடு பதிவான வண்டியில் ஃபைபர் கூரையை நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிழிந்த துணியை மாற்றி அதேபோல் துணி போடுவதில் இந்தத் தொல்லை வராது.

துணி

நம் ஊர் குஷன் கடைகளில் பொதுவாக நான்கு பொருட்களைக் காட்டுவார்கள்.

ரெக்ஸின். வேண்டாம். அது சீட்டுக்கு. ஓரிரு கோடையிலேயே வெயிலில் மேல்தோல் வெடித்து, உள்ளே இருக்கும் பருத்தி நீரை உறிஞ்ச ஆரம்பிக்கும். என் வண்டியோடு வந்த டாப் இதுதான்.

பி.வி.சி. பூசிய பாலியஸ்டர், அதாவது லாரித் தார்ப்பாய். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளிலும், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளிலும் இந்த மாதிரி ஒன்றைத்தான் பார்ப்பீர்கள், பக்கத் துணியைச் சுருட்டிப் பட்டையால் மேலே கட்டியபடி. நீர் துளியும் புகாது. கிழிந்தால் சூடு வைத்து ஒட்டலாம். எடையை ஜி.எஸ்.எம். கணக்கில் கேளுங்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. 500க்கும் 650க்கும் இடையில் இருப்பது ஜீப்புக்குச் சரியாக வரும். அதற்கு மேல் போனால் மடிக்க முடியாது, கீழே போனால் காற்றில் படபடக்கும். இதன் குறை, மூச்சு விடாது. மழையில் எல்லாத்தையும் மூடிவிட்டு நாலு பேர் உட்கார்ந்தால் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன், சொட்டுவது உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று பாருங்கள்.

பருத்திக் கான்வாஸ். பழைய ராணுவ ஜீப்புகளின் துணி. இதன் தந்திரம் அழகானது. நனைந்ததும் நூல் உப்பி, நெசவின் இடைவெளிகளைத் தானே அடைத்துக்கொள்ளும். தையல் ஊசி போட்ட துளைகூட இப்படித்தான் அடைபடும். அதனால் புதுக் கான்வாஸ் டாப்பை மாட்டியதும் ஒரு முறை நன்றாக நனைத்துக் காயவிட்டு, மறுபடியும் நனைத்துக் காயவிட வேண்டும். முதல் மழையிலேயே ஒழுகுகிறதே என்று பதறுபவர்கள் இதைச் செய்யாதவர்கள். மழையின்போது உள்பக்கத்தை விரலால் தொடாதீர்கள், தொட்ட இடத்தில் நீர் கசிந்து வரும். காற்றோட்டம் அருமை, மடிக்க மெத்தென்றிருக்கும். ஆனால் சுருங்கும், எடை கூடும், ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாட்களில் கரும்புள்ளி விழும். வால்பாறைக்காரர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். மதுரைக்காரர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

அக்ரிலிக் கான்வாஸ். நெய்வதற்கு முன் இழையிலேயே நிறம் ஏற்றப்பட்டது, அதனால் வெயிலில் எளிதில் வெளுக்காது. கொஞ்சம் மூச்சும் விடும், பூஞ்சையும் அவ்வளவாகப் பிடிக்காது. விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. வெயிலில் நிற்கும் வண்டிக்குக் காசு இருந்தால் இதுதான்.

கட்டட வேலைக்குப் போடும் நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாயை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரே கோடையில் பொடியாக உதிரும்.

நிறத்தில் கறுப்பு கொதிக்கும், வெள்ளை ஒரே வாரத்தில் அழுக்காகும். காக்கி, சாம்பல், மங்கிய பழுப்பு எல்லாம் நம் மண்ணுக்கு ஒத்துப்போகும். ராணுவப் பச்சை மேல் பலருக்கும் ஆசை. தனியார் வண்டிக்கு அந்த நிறப் பெயின்ட் அடிக்க மோட்டார் வாகன விதிகளில் தடை இருக்கிறது. துணி பெயின்ட் இல்லைதான், ஆனாலும் சோதனைச் சாவடியில் நின்று அந்த வாதத்தைச் செய்யும் பொறுமை எனக்கில்லை.

தையலும் விளிம்பும்

இங்கேதான் நிதானம் வேண்டும். கடையில் ஏற்கெனவே தைத்து வைத்த டாப் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள்.

இரண்டு துணி சேரும் இடம் ஜீன்ஸ் பேன்ட்டின் கால் பக்கம் போல, ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரண்டு வரிசைத் தையலோடு இருக்க வேண்டும். வெட்டிய விளிம்பு வெளியே தெரிந்தால் அந்தக் கடை வேண்டாம். அந்த மடிப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதும் முக்கியம். ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மீது ஏறி உட்கார்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் கூரைத் துணி பக்கத் துணியின்மேல் வர வேண்டும், முன் துண்டு பின் துண்டின்மேல் வர வேண்டும். தலைகீழாக இருந்தால் நிற்கும்போது ஒழுகாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று மழையை அந்த மடிப்புக்குள் ஊட்டிவிடும்.

நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் பி.வி.சி. துணியில் திரி மாதிரி வேலை செய்யும், வெளியே உள்ள நீரை உள்ளே கொண்டுவந்து விடும். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைக்காதீர்கள். பூச்சுத் துணியில் துளைகள் மிக நெருங்கினால் தபால் தலையைக் கிழிப்பதுபோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். கூரையின் தையல்களுக்கு உள்பக்கம் பட்டை ஒட்டித் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.

அடுத்தது முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பு. ஜீப்புகளில் அதிகம் ஒழுகும் இடம் இதுவே. நல்ல டாப்பின் முன் ஓரத்தில் கயிற்றை உள்ளே வைத்து உருட்டித் தைத்திருப்பார்கள். அந்த உருளை சட்டத்தின் பள்ளத்துக்குள் நுழைந்து இறுகும். வெறும் டிச் பட்டன் வரிசையால் மட்டும் பிடித்திருந்தால் ஒவ்வொரு பட்டனுக்கும் இடையில் துணி வாய் பிளக்கும், அங்கிருந்து நீர் நேராக உங்கள் மடியில் விழும். பட்டன்களை இழுவை அதிகமில்லாத பக்கங்களுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்புறத்துக்குப் பட்டையும் பக்கிளும். வெல்க்ரோ சேறு பட்டால் பிடிக்காது, ஜிப்பை மூடும் மடிப்புகளுக்கு மட்டும் சரி.

ஜிப் என்றால் பெரிய பல் கொண்ட நைலான். கடலோரத்தில் உலோக ஜிப் கூடவே கூடாது. வளையங்கள் பித்தளையா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரியும், ஒட்டினால் இரும்பு. எல்லா ஜிப்புக்கும் மேலே மழை மறைக்கும் மடிப்பு ஒன்று இருக்க வேண்டும்.

பிறகு கூரையின் சரிவு. துணிக்கு அடியில் உள்ள குழாய் வளைவுகள் ஒரே மட்டமாக இருந்து துணியும் தொய்ந்திருந்தால் நீர் குளம் கட்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால் 10 கிலோ. அந்தக் கனத்தில் துணி இன்னும் தொய்யும், இன்னும் தேங்கும். காலையில் பார்த்தால் வளைவே கோணியிருக்கும். நடு வளைவு முன்னதைவிட இரண்டு விரல் உயரமாகவும், அங்கிருந்து பின்னோக்கி இறங்குவதாகவும் இருந்தால் போதும். துணி வளைவின்மேல் உரசும் இடங்களில் இன்னொரு பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், முதலில் ஓட்டை விழுவது அங்கேதான்.

பிளாஸ்டிக் ஜன்னல்

துணி நாலைந்து வருடம் உழைத்தாலும் ஜன்னல் அதற்கு முன்பே மஞ்சளாகிவிடும். அதனால் ஜன்னலை மட்டும் பிரித்து மாற்றும்படி தைப்பது நல்லது. தாள் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குக் கனமாக இருக்கட்டும். மெல்லிய தாளில் அலை அலையாகத் தெரியும், இரவில் எதிரே வரும் லாரி விளக்கு ஒன்று நாலாகும். கறுப்புத் தாள் கேட்காதீர்கள். விதிப்படி வாகனக் கண்ணாடிகளில் முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். பிளாஸ்டிக்கும் அந்தத் தெளிவுக்குக் குறையாமல் இருப்பது உங்கள் உயிருக்கே நல்லது.

உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், தூசி மணல்தாள் மாதிரி கீறும். முதலில் நீர் ஊற்றிவிட்டுப் பிறகு மெத்தென்ற துணி. வீட்டுக் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், தின்னர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது. மலைப்பிரதேசத்தில் விடியற்காலைக் குளிரில் ஜன்னலைச் சுருட்டினால் சட்டென்று விரிசல் விடும். வெயில் ஏறும்வரை பொறுங்கள்.

பின் ஜன்னலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பக்கமெல்லாம் மூடிவிட்டுப் பின்புறத்தை மட்டும் திறந்து ஓட்டாதீர்கள். ஓடும் வண்டியின் முதுகில் காற்றழுத்தம் குறைவதால் தூசியோடு புகைபோக்கிப் புகையும் உள்ளே இழுக்கப்படும். தூசி தும்மலோடு போகும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாதது, தூக்கம்போல வந்து ஆளைச் சாய்க்கும். பின்னே திறந்தால் முன் பக்கங்களையும் திறந்து விடுங்கள்.

அளவு கொடுக்கும் நாள்

போனில் வண்டி மாடல் சொல்லித் தைக்கக் கொடுக்காதீர்கள். பழைய ஜீப் என்றால் இருபது வருடத்தில் யாராவது வளைவை வெட்டியிருப்பார்கள், சட்டத்தைச் சாய்த்திருப்பார்கள். வண்டியையே கொண்டுபோய், வளைவுகளை மாட்டி, கதவுகளை மூடி அளவெடுக்கச் செய்யுங்கள். ஸ்பேர் வீல் பின்புறமா பக்கத்திலா, ஏரியல் எங்கே, பின்சீட்டு ஆட்கள் ஏற வழி எப்படி, எல்லாவற்றையும் காட்டுங்கள். கான்வாஸ் என்றால் சுருக்கத்துக்கு இடம் விட்டாரா என்று கேளுங்கள். பி.வி.சி. என்றால் நல்ல வெயில் நேரத்தில் இழுத்து மாட்டச் சொல்லுங்கள், சூட்டில் இளகிப் படியும். காலைக் குளிரில் மாட்டிய டாப் மத்தியானம் தொளதொளக்கும்.

மழைக்கு முன் ஆவணியிலேயே போய்விடுங்கள். ஐப்பசி பிறந்தபின் போனால் கடையில் உங்களுக்கு முன் பத்துப் பேர் நனைந்தபடி நிற்பார்கள்.

முழுக் காசு கொடுக்குமுன்

சீட்டுகள்மேலும் தரையிலும் செய்தித்தாளை விரித்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கதவின் அடி, பிறகு கதவு மூலை, பிறகு கண்ணாடிச் சட்டம், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று நிமிடம். எடுத்த எடுப்பில் கூரையில் அடித்தால் நீர் எல்லாப் பக்கமும் வழிந்து எங்கிருந்து புகுந்தது என்றே தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும். காகிதத்தில் ஈரம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்க்காதீர்கள். நீர் துணியின் உள்பக்கத்தில் ஓடிவந்து வேறெங்கோ சொட்டும். ஈரக் கோட்டைப் பின்தொடர்ந்து போங்கள்.

என் முழங்கால் கதை இப்படித்தான் முடிந்தது. டாப்பில் குறையே இல்லை. கண்ணாடிச் சட்டத்தில் பட்டையைப் பிடித்த ஒரு திருகு, அதன் துளை வழியாக நீர் சட்டத்துக்குள் இறங்கி முழங்காலில் விழுந்திருக்கிறது. பழைய சைக்கிள் டியூபில் காசளவு வட்டம் வெட்டி, திருகுக்கு அடியில் வைத்து முடுக்கினேன். அன்றோடு நின்றது.

குழாய்ச் சோதனை முடிந்ததும் நெடுஞ்சாலையில் 80இல் ஒரு சுற்று. கூரை மேலே பலூன் மாதிரி உப்பினால் பட்டைகள் போதவில்லை, அல்லது துணி தொளதொளப்பு. இரண்டையும் அன்றைக்கே சரிசெய்ய வைக்கலாம். மறுநாள் போனால் பேச்சு மாறும்.

நிறுத்துமிட உறை வாங்குவோருக்கு

கார் உறை ஜீப்புக்குப் பொருந்தாது. முதுகில் தொங்கும் சக்கரத்துக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் தனிப் பை வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். வயிற்றுக்கு அடியில் கட்டும் பட்டை இல்லாத உறை காற்றில் அலைந்து, உள்ளே சிக்கிய மண்ணால் பெயின்டைத் தேய்த்துவிடும். ஈர வண்டியை மூடாதீர்கள், உள்ளே வெந்து துருப்பிடிக்கும்.

புதுத் தார் வைத்திருப்பவர்கள், தரையில் வடிகால் அடைப்பான் இருக்கிறது, ஸ்பீக்கர் ஐ.பி. 54 தரம் (தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்) என்று தைரியமாக இருப்பார்கள். அந்த எண்ணில் உள்ள 4, நீர் தெறிப்பதைத் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. கார்த்திகை அடைமழையில் திறந்து போட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லவில்லை.

வண்டியில் வைக்க வேண்டியவை

ஒரு மெழுகுவத்தி (ஜிப் இறுகினால் பல்லில் தேய்க்க), பத்தடி நைலான் கயிறு, அதே துணியில் மிச்சமான ஒரு முழத் துண்டு, தடித்த ஊசியும் பாலியஸ்டர் நூலும். மிச்சத் துணியைக் கடைக்காரர் தானாகத் தர மாட்டார், கேட்டு வாங்குங்கள். துணி வெட்டும் முன்பே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.